போய்விட்டு வந்த பிறகும் ஈரம்

பரணை ஒழித்துக்கொண்டிருந்த அம்மா நான் படுத்துக்கொண்டிருந்த சிவப்பு ரப்பர் விரிப்பை எடுத்துக் கீழே போட்டாள். சுருட்டி வைத்து ஆறு வருடம் ஆகியும் அந்த மூத்திர நாற்றம் போகவில்லை. அப்பா, நீங்கள் இறந்து மூன்று மாதம் கழித்து, இப்போதுதான் உங்களுக்கு எழுதத் தோன்றுகிறது.

ஆறாம் வகுப்புவரை என் பாவாடை முழுதாகக் காய்ந்திருந்த நாளே இல்லை. மற்றவர்களைப் போல நானும் இடைவேளையில் போய் வருவேன். வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஈரம். எனக்குத் தெரியாமலே சொட்டும். பெஞ்சில் என் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். அதைப் பொறுத்துக்கொண்டேன். உங்கள் வைத்தியத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. நாலு மணிக்குமேல் எனக்குத் தண்ணீர் கிடையாது. தறி வேலையிலிருந்து வந்ததும் நாக்கை நீட்டச் சொல்வீர்கள், திருட்டுத்தனமாகக் குடித்தேனா என்று பார்க்க. ஒரு மழை நாளில் ஜன்னல் கம்பியை நக்கியிருக்கிறேன்.

"திமிருங்க மாப்ள. எந்திரிச்சுப் போறதுக்குச் சோம்பேறித்தனம்" என்று மாமாவிடம் சிரித்தீர்கள். அவர் மூக்கைப் பொத்திக் காட்டினார். முழுப்பரீட்சையோடு என் படிப்பை நிறுத்திவிடுவது என்று அன்றைக்கே இருவரும் பேசி முடித்தீர்கள்.

அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்த பிறகுதான் கோயமுத்தூருக்குக் கூட்டிப் போனீர்கள். இவள் பாத்ரூமுக்கு ஒழுங்காகப் போகிறாளா என்று அந்த டாக்டரம்மா கேட்டார். என்னைப் பேசவிடாமல் நீங்களே சொன்னீர்கள்:

"அதெல்லாம் போறாளுங்க. போயிட்டு வந்தும் நனைச்சுப்போட்டு நிக்கறா."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "அதுதாங்க நோயே. திமிர்ல செய்யற புள்ளைக்கு நாள் பூரா சொட்டாதுங்க."

ஊசியில் மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். இடது சிறுநீரகத்திலிருந்து ஒரு குழாய் வர வேண்டிய இடத்தில் எனக்கு இரண்டு. இரண்டாவது குழாய் சிறுநீர்ப்பையில் சேராமல் அதற்குக் கீழே திறந்திருந்தது. அடக்கிவைக்க வழியே இல்லை. அபூர்வமாகப் பெண் குழந்தைகளுக்கு இப்படி வரும் என்றார் டாக்டரம்மா. அந்தக் குழாயையும், சிறுநீரகத்தின் வேலை செய்யாத மேல்பகுதியையும் எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி நடையில் நீங்கள் சுவரைப் பார்த்து நின்றிருந்தீர்கள். அழுதீர்களா என்று தெரியவில்லை.

ஆனால் பார்க்க வந்த மாமாவிடம் என் கட்டில் பக்கத்திலேயே நின்று, "எனக்கு அப்பவே சந்தேகமுங்க மாப்ள, அதான் கூட்டியாந்துட்டேன்" என்றீர்கள். அம்மா ஹார்லிக்ஸ் கலக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

பள்ளிக்குத் திரும்பினேன். இப்போது பிளஸ் டூ. நீங்கள் ஒரு முறையாவது "நீ பொய் சொல்லலை கண்ணு" என்பீர்கள் என்று ஆறு வருடம் காத்திருந்தேன். சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும், "உங்கப்பன் கண்டுபுடிக்கலீன்னா உன்ற கதி என்னாயிருக்கும் அம்மணி" என்று அழுதார்கள். ஒவ்வொருவரிடமும் "ஆமாங்க" என்றேன்.

உங்கள் பொய்யை இனி நான்தான் சொல்லித் திரிய வேண்டும். அதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது, அப்பா.