சியாட்டில் மேடு, சிகாகோ சமவெளி, எங்கள் ஏரிக்கரை

ஐப்பசி 19, செவ்வாய்

நாலாம் நாள் மழை. ஆவடி பட்டாளக் கேம்ப்பில் வெங்காயம் 12 மூட்டை, உருளை 6 மூ. இறக்கியாயிற்று. மேல் சாக்கெல்லாம் ஈரம்.

சமையல் கொட்டகையில், யுத்தத்துக்காக வந்திருக்கும் இரண்டு அமெரிக்கச் சிப்பாய்கள், யார் ஊர் நல்ல ஊர் என்று வாக்குவாதம். பட்லர் முனுசாமி எனக்குத் தமிழில் சொன்னான். ஒருவன் சியாட்டில், ஒரே மேடு. மற்றவன் சிகாகோ, நம் ஆவடி மாதிரித் தட்டை. மழைத்தண்ணீர் வடியாமல் நின்றதால் அந்தக் காலத்தில் கட்டடங்களையே ஜாக்கி வைத்துத் தூக்கினார்களாம். சிரித்தேன். பிறகு முனுசாமி சொன்னது:

"சியாட்டில்ல ஒரு குன்னையே கொழா தண்ணி அடிச்சிக் கரைச்சி, கடல்ல தள்ட்டாங்களாம் நைனா."

சிரிப்பு நின்றது. குன்றே கரையும் என்றால் மண்ணால் போட்ட எங்கள் ஊர் ஏரிக்கரை? வீடு, கிடங்கு இரண்டும் கரைக்கு நேர் கீழே. மலிவு என்று நானே தேடி வாங்கிய மனை.

ஐப்பசி 20, புதன்

காலையில் ஏரி. தண்ணீர் கரையின் தலைக்கு இரண்டு முழம் கீழே. காவல் கோவிந்தன், பாட்டன் காலத்துக் கரை, ஒன்றும் ஆகாது என்று பீடி பற்றவைத்தான். பிறகு கரையைக் காலால் மிதித்துப் பார்த்தான்.

இந்தப் பக்கம் மேடு என்றால் ரயில் பாதை ஒன்றுதான். ஸ்டேஷன் கூட்ஸ் கொட்டகையில் இடம் பிடித்தேன். கிடைத்தது ஒரே மாட்டுவண்டி. ஐந்து நடை. வெங்காயம் 40 மூ. பத்திரம்.

சம்சாரம் கன்னியம்மா பிள்ளை பெற்று எட்டு நாள். தீட்டுக் கழியாமல் வாசல் தாண்டக்கூடாது என்கிறார் பிரசவத்துக்கு வந்திருக்கும் மாமியார். அதையே சாக்காக வைத்துக்கொண்டேன். கன்னியம்மா கேட்டாள்:

"மூட்டைய மேல ஏத்திட்டீங்க. எங்கள எப்ப ஏத்துவீங்க?"

சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

ஐப்பசி 21, வியாழன்

விடியும்போது பார்த்தேன். இன்னும் ஒரு சாண்தான். கரை அடியில் கசிவு. தெளிவாக வந்தால் பரவாயில்லை. கலங்கி வருகிறது. உள்ளே மண் கரைகிறது.

மாமியாரோடு சண்டை. தீட்டு என் தலையில் என்றேன். கடைசியில் இறங்கி வந்தார்.

"மொதல்ல அவளயும் கொயந்தையயும் இட்டுகினு போங்க. மருந்து, அரிசி எல்லாம் கட்டிகினு அடுத்த நடைல வர்றேன்."

கொட்டகையில் மூட்டைகளைத் தள்ளித் தாய்க்கும் பிள்ளைக்கும் இடம். வெங்காய நெடியில் பிள்ளை தும்முகிறது. மணி பத்து. மாமியாரை ஏற்றிவர வண்டி திரும்பிப் போய் ஒரு மணி நேரம். காணோம். ரோட்டில் முழங்கால் தண்ணீர் என்கிறார்கள்.

ஏரிப் பக்கம் தமுக்குச் சத்தம், ஜனங்களை வெளியேறச் சொல்லி. விடாமல் அடிக்கிறார்கள். கன்னியம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். என் முகத்தையே பார்க்கிறாள்.

மாமியாரை அழைத்துவர நடந்தே போகிறேன்.