நான் கண்டெடுத்துக் கொடுத்த துவக்கு

அனுப்புநர்:
திருமதி சிவமலர் நித்தியானந்தன்,
ரயில் பெட்டித் துப்புரவுப் பணியாளர்,
ஷ்லீரன்.

பெறுநர்:
மேன்முறையீட்டுப் பொறுப்பதிகாரி அவர்கள்,
கன்ரோன் நீதி அலுவலகம்,
சூரிச், சுவிற்சர்லாந்து.

விடயம்: படைவீரர் ஒருவர் ரயிலில் மறந்துவிட்டுப் போன துவக்கை ஒப்படைத்ததற்காக எனக்கு விதித்த தண்டனையை நீக்கக் கோருதல்

மதிப்புக்குரிய ஐயா,

தாங்கள் நலமாக இருப்பீர்கள். நான் ஆயுதக் குற்றவாளியாக இருக்கிறேன். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் என்பதால் தமிழில் எழுதுகிறேன். இதை டொச் மொழிக்கு மாற்றும், வழக்கிலும் எனக்கு மொழிபெயர்த்த கலாவதி எந்தச் சொல்லையும் மெருகேற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

1. கடந்த வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், கடைசித் தரிப்பில் நின்ற ரயிலைக் கூட்டப் போனேன். வார விடுமுறைக்கு வீடு போகும் படைவீரர்கள் துவக்கோடு ஏறும் ரயில் அது. ஓர் இருக்கையில் வெறும் பியர்ப் போத்தலும் படையினரின் துவக்கும் அருகருகே இருந்தன. போத்தலைக் குப்பையில் போட்டேன். மற்றதற்கு எங்கள் வேலையில் விதி உண்டு: பயணி மறந்த எதையும் உடனே நிலையத்தின் ஒப்படைப்பு யன்னலில் கொடுக்கவேண்டும். குடை, பல்செட், ஒருமுறை உயிருள்ள ஆமை, எல்லாம் கொடுத்திருக்கிறேன். ஆமைக்கு ஒருவரும் வழக்குப் போடவில்லை.

2. யன்னலுக்குப் போக மேடை நெடுக நடக்கவேண்டும். சனம் நிறைந்திருந்தது. நான் பிறந்த இடத்தில் துவக்கைக் கண்டால் சனம் செருப்பையும் விட்டுவிட்டு ஓடும். இங்கே யாரும் பயப்படக்கூடாது என்று அதைச் சால்வையால் சுற்றி, லாங்ஸ்திராசத் தெருத் தமிழ்க்கடையில் வாங்கிய முருங்கைக்காய்க் கட்டோடு சேர்த்து அணைத்துக்கொண்டு போனேன். யன்னலில் இருந்தவர் சால்வையை விரித்ததும் இரண்டு கையையும் மேலே தூக்கினார். "ஐயா, துவக்கு இப்ப உங்கடை பக்கம். கையை நானெல்லோ தூக்கவேணும்" என்றேன். அவருக்குத் தமிழ் விளங்கவில்லை. நான் மரியாதை என்று நினைத்துச் செய்ததை வழக்கில் நீதவான் ஐயா "மறைத்துக் காவியமை", அதாவது ஒளித்துத் தூக்கிக்கொண்டு போனது, என்று எழுதியிருக்கிறார். முருங்கைக்காயைப் பற்றி நிறையக் கேட்டார். பியரைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டார்.

3. இவ்வருடம் தொடங்கிய ஆயுதச் சட்டம், ஆயுதம் வைத்திருக்கும் உரிமைக்கு உத்தரவாதம் தருகிறதாம். சில நாட்டவர் மட்டும் அதை வைத்திருக்கவோ தூக்கிக்கொண்டு போகவோ கூடாதாம். இலங்கையர் அதில் சேர்த்தி. சரி, எனக்கு அந்த உரிமை வேண்டாம். இங்கத்தைய படைவீரர் வீட்டில் துவக்கு வைக்கும் மூலையில் எங்கள் வீட்டில் அரிசி மூட்டை இருக்கிறது. ஆனால் படைக்கு அச்சட்டம் பொருந்தாததால் வீரர் கையில் அது காலில் போடும் சப்பாத்தைப் போல ஒரு படைப்பொருளாம். நான் தூக்கியதும் ஆயுதமாகிவிட்டதாம். இருக்கையில் தனியே கிடந்தபோது அது என்னவாக இருந்தது என்று கேட்டேன். நீதவான் ஐயா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

4. அரசியலமைப்பையும் காட்டினோம். இப்போதுள்ளதில் சுவிஸ்காரர் எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்றும், வரும் தையில் நடைமுறைக்கு வருவதில் மனிதர் எல்லோரும் சமம் என்றும் எழுதியிருக்கிறதாம். பழையதையே பெரிய நீதிமன்றம் வெளிநாட்டவரையும் சேர்த்துத்தான் வாசித்து வருகிறது என்றார் கலாவதி. எங்கள் நீதவான் ஐயா "சுவிஸ்காரர்" என்று இருந்ததை அப்படியே எழுத்துக்கூட்டி வாசித்தார். ஆகவே தை பிறந்தால் நானும் மனிதப் பிறவி. துவக்கை அதுவரை இருக்கையிலேயே விட்டிருக்கலாம், அவசரப்பட்டுவிட்டேன்.

5. இப்போது நான் வெங்காயம் வெட்டக் கத்தி எடுத்தாலும் என் கணவர் "இஞ்சை, அதுக்குப் பெர்மிற் இருக்கோ?" என்கிறார். வெளிநாட்டவர் பொலிஸின் கடிதம் வரும்வரை நானும் சிரித்தேன். ஆயுதக் குற்றம் உள்ளவளின் வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பதா என்று யோசிக்கிறார்களாம். அது மார்கழியோடு முடிகிறது. என்னைத் திருப்பி அனுப்பினால், போய் இறங்கும் இடத்தில் யாரும் துவக்கை மறந்துவிட்டுப் போவதில்லை.

6. போன வெள்ளிக்கிழமை அதே ரயிலில் இன்னொரு துவக்கு. நான் தொடவில்லை. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டேன். அவர் பொஸ்னியாக்காரர், அவருக்கும் அதே தடை. அவரும் தொடவில்லை. யன்னலுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். யன்னலில் இருந்தவர் இடத்தை விட்டு எழும்பக்கூடாதாம். அவர்கள் ஒரு சுவிஸ்காரரைத் தேடிப் பிடிப்பதற்குள் ரயில் நேரம் தவறாமல் லுசேர்ணுக்குப் புறப்பட்டுவிட்டது. இருக்கையைச் சுற்றி மிகச் சுத்தமாகக் கூட்டியிருந்தோம்.

ஆகவே தண்டனையை நீக்கி, மார்கழிக்கு முன் வெளிநாட்டவர் பொலிஸுக்கு அறிவிக்கும்படி பணிவோடு கேட்கிறேன். அது முடியாதென்றால், வெள்ளிக்கிழமைகளில் துவக்குத் தூக்க ஒரு சுவிஸ்காரரை எங்களோடு அனுப்புங்கள். அவர் கூட்டத் தேவையில்லை. கூட்டுவதற்கு எங்களை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

கூட்டும் தும்புத்தடி மட்டும் காவும்,
சிவமலர் நித்தியானந்தன்
(ஒப்பம்)

இடம்: ஷ்லீரன்
திகதி: 22.10.1999