மறித்தவன் பெயர்

1987 ஆகஸ்ட் 12, புதன்

விறகு ஈரம். பருப்பு வேகவே இல்லை. பிள்ளைகள் தட்டை வைத்துத் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துக் கோர்ட்டு அமீனா சத்துணவுக் கூடத்து வாசலில் வந்து நிற்கிறார்.

"செந்தமிழ்ச்செல்வி யாரு? இளஞ்செழியன் சம்சாரம்?"

சம்சாரமாம்! அந்த ஆள் வீட்டைவிட்டு வந்து மூன்று வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. சொன்னவரும் விவாகரத்து சம்மன் கொடுக்கத்தான் சொன்னார். களமருதூர்ப் பிள்ளைகள் மொத்தமும் வேடிக்கை பார்க்க, சாம்பார்க் கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அமீனா போனதும் என்னோடு சமையல் செய்யும் பச்சையம்மாள் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா கையெழுத்து போட்டே? போட்டா நீ ஒத்துக்கின மாதிரி ஆயிடுமே!"

காரணமில்லாமல் விட்டு ஓடிவிட்டேனாம். நடத்தை சரியில்லையாம். எழுதிக்கொள்ளட்டும், என் நடத்தை எனக்குத் தெரியும். ஆனால் கடைசிப் பாராவில் ப்ரியாவைக் கேட்டிருக்கிறான். என் பிள்ளையைக் கேட்டிருக்கிறான்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

தம்பி பூமாலையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி போனேன். வக்கீல் ஆதிமூலம் ஈசிச்சேரில் பனியனோடு உட்கார்ந்து சம்மனைப் படித்தார். எனக்கோ ஆயிரம் கேள்வி.

கையெழுத்துப் போட்டால் ஒத்துக்கொண்டதாகுமா? "இல்லம்மா. சேதி உனக்கு வந்து சேந்துச்சுன்னு அர்த்தம். அவ்ளோதான்." கேசை நம் ஊர்ப் பக்கம் மாற்ற முடியாதா? கடைசியாக ஒன்றாகக் குடியிருந்தது கள்ளக்குறிச்சி என்பதால் கேஸ் இங்கேதான் நடக்குமாம். அவன் இப்போது சேர்ந்திருக்கும் அந்த அமிர்தத்தைக் கட்டிக்கொள்ளலாமா? "கேஸ் முடியற வரைக்கும் கூடாது. கட்டினா செல்லாது." அடித்ததால்தானே வந்தேன், அதற்குப் பெயர் ஓடிப்போவதா? "நீ வந்ததுக்கும் சட்டத்துல பேரு இருக்கு, அவன் வரவெச்சதுக்கும் பேரு இருக்கு. எது உண்மைன்னு நாமதான் காட்டணும்."

ப்ரியாவைப் பற்றிக் கேட்டபோதுதான் சம்மனை மடித்துக் கீழே வைத்தார். ஐந்து வயது வரை தாயிடம் என்பதுதான் வழக்கமாம். அதற்கு மேல் தகப்பன்தான் முதல் கார்டியன். ப்ரியாவுக்கு ஆறு. "பயப்படாதே. கொழந்தைக்கு எது நல்லதுன்னுதான் ஜட்ஜு பாப்பாரு. நீ வந்து நின்னு சொல்லணும். வரலன்னா எக்ஸ்பார்ட்டி ஆக்கிடுவாங்க. நீ இல்லாமயே கேட்டு முடிச்சிடுவாங்க."

செப்டம்பர் 18, வெள்ளி வாய்தா. அவரை எனக்காக வாதாட அமர்த்தும் வக்காலத்திலும் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் பூமாலை சொன்னான்: "நீ ஏன்க்கா பயப்படறே? நான் கூட வந்து நிக்கறேன். எவன் தூக்கினு போறான் பாக்கலாம்." மீசை முளைத்து நாலு வருஷம் ஆகவில்லை, பேச்சைப் பார்.

ஆகஸ்ட் 30

பூமாலை சங்கத்துக் கூட்டத்துக்குப் போனவன் தொண்டை கட்டி வந்தான். நம் ஜாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் ரோட்டை மறிக்கப் போகிறார்களாம். ப்ரியா அவன் தோளில் ஏறிக்கொண்டு அவன் சொல்லிக்கொடுத்த கோஷத்தைத் தப்புத் தப்பாகக் கத்துகிறாள்.

செப்டம்பர் 16, புதன்

நாளைக்கு மறியல் ஆரம்பம். நாளை மறுநாள் என் வாய்தா. தேநீர்க் கடையில் தொடங்கி டீச்சர் வரைக்கும் எல்லாரும் ஒரே பேச்சு: "ரோடே இல்லாதப்ப கோர்ட்டு எங்க நடக்கப்போவுது?" எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. தோன்றுகிறதா, அல்லது அப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேனா?

செப்டம்பர் 18, வெள்ளி

மனசு கேட்கவில்லை. ப்ரியாவை அம்மாவிடம் விட்டுவிட்டு, சம்மனைப் பையில் வைத்துக்கொண்டு விடியலிலேயே நடக்க ஆரம்பித்தேன். எலவனாசூர் ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். மேலே துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என் தம்பி, கையில் கோடாலி!

"எங்கக்கா போற?"

"கோர்ட்டுக்குடா. மறந்துட்டியா?"

"கோர்ட்டாவது ஒண்ணாவது! கலெக்டராலயே நகர முடியல, ஜட்ஜு எப்பிடி வருவாரு? வூட்டுக்குப் போ."

"என்னை மட்டும் விடுடா. நடந்தே போறேன்."

இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "அந்தாண்ட போலீசு லாரி நிக்குது. சுட்டுக்கினு வரானுங்க. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா ப்ரியாவுக்கு யாரு பதில் சொல்றது? சொன்னா கேளுக்கா. கோர்ட்டு இல்ல, நான் சொல்றேன் பாரு."

திரும்பி வந்துவிட்டேன். கூண்டில் நிற்க வேண்டாமே என்று உள்ளே ஒரு நிம்மதிகூட. அதையும் எழுதித்தான் வைக்க வேண்டும்.

செப்டம்பர் 24, வியாழன்

நேற்றோடு மறியல் முடிந்தது. அதற்கு முந்தின நாள் பூமாலைக்குத் தொடையில் குண்டு. கரும்புக் கொல்லையில் கிடந்தவனைப் பையன்கள் தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அங்கேயே விலங்கு. வெள்ளிமலையிலிருந்து கடுக்காய் மூட்டை கொண்டுவரும் கருப்பண்ணன்தான் இன்றைக்கு வெறுஞ்சாக்குகளுக்கு நடுவில் படுக்க வைத்து ஜீப்பில் மலைக்கு ஏற்றிக்கொண்டு போனார். போலீஸ் தெருத் தெருவாக ஆம்பளைகளை அள்ளுகிறது. மரம் வெட்டியது யார் என்று கேட்டால் ஊரே ஊமை.

அம்மா அழவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 11, ஞாயிறு

வெளியூர் எங்கும் போகவில்லை. நான் எங்கே போனாலும் பின்னாலேயே ஒரு கண் வரும், பூமாலை இருக்கும் இடம் தெரிந்துவிடும் என்று அம்மா நடுங்குகிறாள். எனக்கும் அதே நடுக்கம். கோர்ட்டு விஷயம் ஒன்றும் கெட்டுப்போகாது. புது தேதி போட்டால் அமீனா முன்போலக் கொண்டுவந்து கொடுப்பார்.

நவம்பர் 10, செவ்வாய்

அமீனா வந்தார்.

கூடவே ஒரு போலீஸ்காரர், அந்த ஆள், அவன் வாங்கிய தீர்ப்பு. கோர்ட்டு நடந்திருக்கிறது! ஜட்ஜு வீடு கள்ளக்குறிச்சிக்குள்ளேயே, நடந்து வந்திருக்கிறார். அந்த ஆளும் உரக்கடைத் தெருவிலிருந்து நடந்து போயிருக்கிறான். என் பெயரை வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறார்கள். நான் இல்லை. அடுத்த வாரமே அவன் சாட்சி சொல்லி, கல்யாணமும் ரத்தாகி, பிள்ளையும் அவனுக்கு.

"தரமாட்டேன்" என்றேன். "தராம இருந்தா உம்மேலதான் கேஸ் ஆவும்மா" என்றார் போலீஸ்காரர். அதட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். உள்ளே பூமாலையின் சட்டையில் இரத்தக்கறை போகாமல் கிடக்கிறது. வீட்டுக்குள் வந்துவிட்டால்? அந்த யோசனையில் ஒரு நொடி நின்றேன். அதற்குள் ப்ரியாவைத் தூக்கிவிட்டான். அவள் "அம்மா வா, அம்மா நீயும் வா" என்றாள். ஏதோ ஊருக்குப் போவதாக நினைத்துக்கொண்டாள். பாவி மகளே! என்னைக் கூப்பிட்டுக்கொண்டே போனாள்.

நவம்பர் 11

காலையில் பழக்கத்தில் இரண்டு பேருக்கு வெந்நீர் வைத்துவிட்டேன்.

நவம்பர் 15, ஞாயிறு

ஆதிமூலம் தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்கு அவரே சொந்த ஊரில் மாட்டிக்கொண்டாராம். வக்காலத்து இல்லாததால் யாரும் அவருக்குத் தகவல் சொல்லவில்லை.

"சம்மன் ஒரு தடவைதான்மா வரும். அப்புறம் தேதியைத் தேடிக்கினு நாமதான் போவணும். இது தெரியாதா உனக்கு?"

தெரியாது. யார் சொன்னார்கள் எனக்கு?

தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனுப் போடலாமாம். முப்பது நாள் கெடு முடிந்துபோனதால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி இன்னொரு மனு. "நீ கெளம்பினே, வழியில மறிச்சாங்க, அதுக்குச் சாட்சி வேணும். சும்மா ரோடு அடைப்புன்னு சொன்னா, மத்த கேஸ்காரங்க வந்திருக்காங்களேன்னு எதிர் வக்கீல் கேப்பான். உன்னைத் திருப்பி அனுப்பினவன் எவனாவது வந்து சொல்லட்டும். அப்போ நிக்கும்."

யாரென்று அவரிடம் சொல்லவில்லை.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். "உம் பொண்ணுக்காக எம் புள்ளைய உள்ள தள்ளுவியா?" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் இன்னாத்த சொல்றது, நீயே பாத்துக்க" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் அம்மா லட்சுமியம்மாள் பெற்றது இரண்டே இரண்டு. எதைச் சொல்லுவாள்?

டிசம்பர் 6, ஞாயிறு

போலீஸ் நடமாட்டம் குறைந்ததால் துணிந்து நேற்று வெள்ளிமலை போய் இன்று திரும்பினேன். கேட்டுவிடுவது என்ற முடிவோடுதான் ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். "நீதானேடா திருப்பி அனுப்பினே. நீயே வந்து சொல்லு." நியாயம்தானே? அவன் ஒருவன் வழிவிட்டிருந்தால் என் பிள்ளை என்னிடம். கோபம்தான் எனக்கு. ஒளித்து என்ன ஆகப்போகிறது.

கருப்பண்ணன் வீட்டில் சாமைச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். பூமாலை கொம்பை ஊன்றிக்கொண்டு வந்தான். கால் வளைந்திருக்கிறது. குண்டைப் பச்சிலை போட்டே வெளியே எடுத்தார்களாம். அரைப் படி அரிசிச் சோறு தின்கிறவன், எலும்பாக இருக்கிறான். பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் பிடிபட்டு, ஸ்டேஷனிலிருந்து பாயில் சுற்றித்தான் வந்தான் என்பதை மலையில் இருந்துகொண்டே கேள்விப்பட்டிருக்கிறான்.

"ப்ரியா எப்பிடிக்கீறாக்கா? கோஷம் போடறாளா இன்னும்?"

"போடறா."

"கேஸ் இன்னா ஆச்சு?"

"நடந்துக்கினு இருக்குது."

"சும்மாவா இவ்ளோ தூரம் வந்தே?"

"சும்மா உன்னைப் பாக்கத்தான்டா."

சாப்பிட்டான். நானும் சாப்பிட்டேன். கருப்பண்ணன் பெண்சாதி தைலம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெண்ணுக்குப் பெண் தெரியாதா? அடுப்படியில் மெல்லச் சொன்னேன். அவள் சொன்னாள்: "எங்களுக்குக் கோர்ட்டு ஏது? என்னை மொத வூட்டுலருந்து ஊரு கூடி ஒரே நாள்ல தீர்த்து வுட்டாங்க. பையன அங்கயே வுட்டுட்டுத்தான் வந்தேன். இப்ப மீசையோட சந்தையில பாக்கறேன். பாப்பான். பேசமாட்டான்."

கேட்காமலேயே இறங்கி வந்துவிட்டேன்.

1988 பிப்ரவரி 9, செவ்வாய்

கூண்டில் நின்றேன். தீர்ப்பை ரத்து செய்யக் கேட்ட மனுவின் விசாரணை. அந்த ஆள் புதுச் சட்டையில் உட்கார்ந்திருந்தான்.

அவனுடைய வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார்.

"அன்னிக்கு நீங்க கெளம்பினதா சொல்றீங்க. யாரும்மா மறிச்சாங்க?"

"ஜனங்க."

"யாரு? ஒருத்தர் பேராவது சொல்லுங்க."

"தெரியாதுங்க."

"பொறந்து வளந்த பக்கம். கூட்டத்துல ஒரு மொகம்கூடத் தெரியலையா?"

ஜட்ஜு எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. உனக்காகத்தான் கேக்கறாங்க."

யோசித்தேன். பல்லுக்குப் பின்னால் அவன் பெயர் நிற்கிறது. சொன்னால் போதும், ப்ரியாவைப் பற்றிப் பேசவாவது ஒரு வாய்ப்பு. சத்தியம் செய்துவிட்டுத்தான் ஏறியிருக்கிறேன். ஆனால் சொன்னால் அன்று சாயந்திரமே மலைக்கு ஜீப் போகும். அந்தக் காலோடு அவனால் ஓடவும் முடியாது.

"தெரியாதுங்க ஐயா."

"சரி," என்றார் அந்த வக்கீல். "மறியல் செப்டம்பர்ல முடிஞ்சிடுச்சு. ரோடு தெறந்தாச்சு. நவம்பர் வரைக்கும் உங்களை யாரு மறிச்சாங்க?"

அதற்கும் பதில் மலையில்தான் இருந்தது.

பிப்ரவரி 23

மனு தள்ளுபடி. மேல்கோர்ட்டு இருக்கிறதென்று ஆதிமூலம் சொல்கிறார். அங்கேயும் இதைத்தானே கேட்பார்கள்?

ஜூலை 3, ஞாயிறு

தனியாக ஒரு மனுப் போட்டு ஆதிமூலம் இதை வாங்கிக்கொடுத்தார். மாதத்தில் முதல் ஞாயிறு, திருக்கோவிலூர்க் கோயிலில், சாயந்திரம் வரை ப்ரியாவைப் பார்க்கலாம். அமிர்தத்தைக் கட்டிக்கொண்டானாம். இப்போது செல்லுமாம்.

முதல் முறை பார்த்தேன். மடியைவிட்டு இறங்கவே இல்லை. பிடித்து இழுத்துத்தான் கொண்டுபோனார்கள்.

1989 ஏப்ரல் 2, ஞாயிறு

இந்த மாதம் ப்ரியாவுக்கு அம்மை என்று சொல்லிவிட்டார்கள். பார்க்கவில்லை.

ஒதுக்கீடு ஆணை வந்துவிட்டது. ஊரெல்லாம் வெடி. பூமாலையும் வந்துவிட்டான், காலை இழுத்துக்கொண்டு. எங்கள் பக்கத்து மரம் வெட்டிய கேஸில் கடைசிவரை "பேர் தெரியாத சிலர்" என்றே இருந்ததாம், மூடிவிட்டார்களாம். அம்மா அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

சாப்பிடும்போது கேட்டான்.

"எப்பிடிக்கா தோத்துப்போச்சு கேஸ்? வக்கீல் சரியில்லையா?"

அம்மாவின் கை நின்றது.

"ஆமாடா," என்றேன். "வக்கீல் சரியில்ல." ஆதிமூலம் சார் மன்னிக்கட்டும்.

மே 7, ஞாயிறு

திருக்கோவிலூர். ப்ரியா உயரமாகிவிட்டாள். கன்னத்தில் இரண்டு அம்மைத் தழும்பு. ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். மண்டபத்தில் உட்கார்ந்தோம். என்ன வகுப்பு, யார் டீச்சர் என்று கேட்டேன். பதில் சொன்னாள். நான் கொண்டுபோன முறுக்கை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள்.

பிறகு அவளுடைய பையிலிருந்து தூக்குச்சட்டியை எடுத்தாள். இலையைப் பிரித்து என் முன்னால் போட்டாள். தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். எலுமிச்சம்பழச் சோற்றை அள்ளி வைத்தாள், ஓரத்தில் அப்பளம்.

"எங்க வூட்ல செஞ்சது. சாப்புடு. அவ்ளோ தூரத்துலருந்து வந்துருக்கியே."

அவளுக்கு வைத்துக்கொள்ளவில்லை. விருந்தாளி சாப்பிட்ட பிறகுதான் வீட்டுக்காரர்கள் சாப்பிடுவது என்று யாரோ நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாப்பிட்டேன். உப்பும் புளிப்பும் சரியாகவே இருந்தன. போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன்.