தள்ளுவதும் இழுப்புதான்

அன்பு மகள் வாண்டுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன், அப்படியே இருக்க வேண்டும். இங்கே நான் நலம். அம்மாவும் நலம் என்று எழுத ஆசைதான், முக்கால்வாசி நலம் என்று வைத்துக்கொள். போனில் நீ என்ன கேட்டாலும் நான் ம் கொட்டுகிறேன், எதையோ மறைக்கிறேன் என்று அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டாயாம். நான் பேசுகிற இடத்துக்கும் அம்மா படுத்திருக்கிற கட்டிலுக்கும் நடுவே ஒரு திரைகூடக் கிடையாது, அவளை எதிரில் வைத்துக்கொண்டே அவள் கை விளங்காததைப் பற்றி என்ன பேசுவது. அதனால்தான் கடிதம். இன்னொன்றும் உண்டு. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்த நாளிலிருந்து எனக்குள் எதுவும் ஓடவில்லை. அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை. பால் பொங்கினால் அடுப்பை அணைக்கிறேன், மாத்திரை கொடுக்கிறேன், துணி காயப்போடுகிறேன். யாராவது வந்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்கிற மாதிரி இருக்கிறது.

கால் பரவாயில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை போய்விடுகிறாள். பேச்சுக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் என்னைத் திட்டுவதைக் குறைத்துக்கொண்டாள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இடது கைதான் முழங்கையில் மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, விரல்களை மூடிக்கொண்டு கிடக்கிறது. பயிற்சி கொடுக்க வருகிற பிசியோ பெண் உன்னைவிடச் சின்னவள், குரல் மட்டும் தலைமையாசிரியை குரல். முதல் நாளே என்னை உட்காரவைத்துப் பாடம் எடுத்துவிட்டாள். "தசைக்குத் தெரிஞ்சது ஒரே வேலைதான் சார், சுருங்கி இழுக்கிறது. தள்ளவே தெரியாது" என்றாள். அப்படியானால் கதவைத் தள்ளுகிறோமே என்று நான் விடவில்லை. அதுவும் இழுப்புதானாம். மேற்கையில் முன்பக்கத் தசை சுருங்கி முன்கை எலும்பை இழுத்தால் கை மடங்கும், பின்பக்கத் தசை சுருங்கி இழுத்தால் கை நீளும், நாம் அதைத் தள்ளுவது என்கிறோம். ஒன்று இழுக்கும்போது எதிரில் இருப்பது பிடியை விட வேண்டும். இது எனக்கு உடனே பிடிபட்டது. பிரேக் விடாமல் மோட்டார் ஓடினால் லிஃப்ட் என்ன ஆகும் என்று எத்தனை கட்டடத்தில் பார்த்திருக்கிறேன். அம்மா கையில் முன்பக்கத் தசை பிடியை விட மாட்டேன் என்கிறது, பின்பக்கத் தசை சும்மா இருக்கிறது. தசையில் பழுதில்லை, மூளையிலிருந்து நரம்பு வழியாக ஆணை வந்தால்தான் உள்ளே இருக்கிற இழைகள் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போய்த் தசை குறுகுமாம். ஆணை வராத தசை நாளுக்கு நாள் மெலிந்துவிடும் என்றும் சொன்னாள், அதை அம்மா காதில் விழாமல் வாசலில் வைத்துச் சொன்னாள்.

அந்தப் பெண் சொந்த வேலையாக ஊருக்குப் போன சமயத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். வாசல் நிலையின் மேல்சட்டத்தில் கொக்கி அடித்து, என் பழைய பையிலிருந்து இரண்டு கப்பி எடுத்து மாட்டி, கயிற்றின் ஒரு முனையை அம்மா மணிக்கட்டில் பட்டையாகக் கட்டி, மறுமுனையில் ஒரு டப்பாவைத் தொங்கவிட்டு அதில் வாஷர்களைப் போட்டேன். ஆயுசு பூராவும் நான் செய்த வேலை அது, ஒரு பக்கம் லிஃப்ட் பெட்டி, மறுபக்கம் அதற்குச் சரியான எடை, நடுவில் மோட்டாருக்குச் சிரமமே இருக்கக் கூடாது. வாஷரைப் போட்டும் எடுத்தும் எடையைக் கச்சிதமாகக் கொண்டுவந்துவிட்டேன். டப்பாவை ஒரு விரலால் தட்டினால் போதும், அம்மா கை பூவாக மேலே போகும், பூவாக இறங்கும். அன்றைக்குத்தான் உன்னிடம் போனில் கை மேலே போகிறது என்று சொன்னேன். நீ அழுதாய். பொய் சொல்லவில்லை வாண்டு, கை மேலே போகத்தான் செய்தது. அந்தப் பெண் திரும்பி வந்ததும் பெருமையாகத் தட்டிக் காண்பித்தேன். அவள் அம்மாவின் மேற்கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவ தட்டுங்க சார்" என்றாள். தட்டினேன். "கப்பி நல்லா வேலை செய்யுது, அம்மா கைதான் வேலை செய்யல" என்றாள். தொட்டுப் பார்க்கச் சொன்னாள். கை மேலே போகும்போதும் பின்பக்கத் தசை துணி மாதிரிதான் கிடந்தது, கொஞ்சமும் இறுகவில்லை. தாங்கிப் பிடிப்பது தப்பில்லை, ஆனால் தூக்குவது அம்மாவாக இருக்க வேண்டும், கை அசையாவிட்டாலும் தூக்கு தூக்கு என்று உள்ளேயிருந்து ஆணை கொடுத்துப் பார்ப்பதுதான் பயிற்சி என்றாள். நான் அம்மாவுக்கு அந்த ஒரு வேலையையும் மிச்சம் வைக்கவில்லை.

கப்பியைக் கழற்றிவிட்டேன். அதற்குப் பதிலாக அந்தப் பெண் மேசைமேல் துண்டை விரித்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு அம்மாவை முன்னால் தள்ளிப் பார்க்கச் சொன்னாள். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் உட்கார்ந்தாள், துண்டு இம்மியும் நகரவில்லை. ஒருநாள் அந்தத் துண்டை வலது கையால் மடித்து வைத்துவிட்டு, "தையல் மிஷினைக் கீழே பூக்கடைக்காரிக்குக் குடுத்துடுங்க. துணியத் தள்ளிக் குடுக்கிறது இடது கைதான், அது இல்லாம நான் என்னத்தத் தைக்கிறது" என்றாள். நான் சரி என்றேன். கல்யாணமான புதிதில் வாங்கிய மிஷின், நீ தவழ்ந்து வந்து அதன் மிதியைப் பிடித்துக்கொண்டுதான் முதலில் எழுந்து நின்றாய், அதைக் கொடுத்துவிடு என்கிறாள், கடைக்குப் போய்வரச் சொன்ன மாதிரி நான் சரி என்கிறேன். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கவும் தூங்கினேன். அதை நினைத்தால்தான் இப்போது என்னவோ போலிருக்கிறது.

போன சனிக்கிழமை பூக்கடைக்காரியும் அவள் வீட்டுக்காரரும் மிஷினை எடுத்துப்போக வந்தார்கள். உறையை எடுத்தால், மாடி வீட்டுக்காரரின் கால்சட்டை ஊசிக்கடியிலேயே இருந்தது. அம்மா விழுந்த அன்றைக்கு அடி மடித்துத் தைத்துக்கொண்டிருந்தது, ஒரு கால் முடிந்து மறு கால் பாதியில் நின்றிருந்தது. அந்த மனுஷரும் பாவம் இத்தனை நாளாகக் கேட்கவே இல்லை. நான் துணியைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. மறுபடி இழுத்தேன். அப்புறம் மேசையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து நூலோடு சேர்த்து வெட்டப் போனேன். அம்மா மிஷின் பக்கத்தில் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். என் மணிக்கட்டில் ஒரு கை வந்து முட்டித் தள்ளியது. "என்னங்க பண்றீங்க, சக்கரத்தத் திருப்பி ஊசிய மேல ஏத்துங்க மொதல்ல, துணி கிழிஞ்சா அவருக்கு யாரு பதில் சொல்றது" என்று பழைய குரலில் ஒரு அதட்டல். நானும் பழக்கத்தில் சக்கரத்தைத் திருப்பினேன். பூக்கடைக்காரிதான், "அக்கா, அது எந்தக் கை" என்று கேட்டாள். அம்மா குனிந்து பார்த்தாள். இடது கை. நெஞ்சை விட்டுப் போய் முழங்கை நீண்டு, மூடிய விரல்களோடு மிஷின்மேல் முட்டிக்கொண்டு நின்றது. பிறகு அது மெதுவாக மடங்கித் திரும்பிப் போய்விட்டது. பூக்கடைக்காரி மிஷினுக்கு உறையைப் போட்டுவிட்டு, "இது இங்கயே இருக்கட்டும்க்கா" என்று சொல்லி வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

நீ துள்ளிக் குதிக்காதே. அதற்கப்புறம் செய் என்று சொன்னால் வரவில்லை. பிசியோ பெண் கேட்டுவிட்டு, ஆணை ஒரு தடவை போய்ச் சேர்ந்திருக்கிறது, வழி முழுசாக அடைபடவில்லை, எவ்வளவு தூரம் திரும்பி வரும் என்று மட்டும் தன்னைக் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். இப்போது துண்டு கிடையாது, அந்தக் கால்சட்டையைத்தான் மேசைமேல் விரித்து வைத்திருக்கிறாள், அம்மா அதை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் எதிரில் உட்கார்ந்து தொடாமல் பார்க்கிறேன், தொடாமல் இருப்பது பெரிய வேலையாக இருக்கிறது. அன்றைக்கு என் மணிக்கட்டில் அவள் கை பட்ட இடம் சாயந்திரம் வரை எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. உடம்பில் மற்ற இடமெல்லாம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, அந்த ஓர் இடத்தில் மட்டும் வலித்தது, சந்தோஷமாக இருந்தது.

வேலையை உதறிவிட்டு ஓடி வராதே, லீவு கிடைக்கும்போது மாப்பிள்ளையோடு நிதானமாக வா. ஆபீசில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்காமல் அவ்வப்போது எழுந்து நட. போனில் அம்மாவிடம் கை எப்படி இருக்கிறது என்று கேட்காதே, கால்சட்டை எதுவரை வந்திருக்கிறது என்று கேள். நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல் நீடூழி வாழ இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வந்ததும் ஆசை மிகுதியில் அம்மாவுக்கு ஊட்டிவிடவோ தலை வாரிவிடவோ போகாதே. தள்ளிவிடுவாள். தள்ளட்டும்.

இப்படிக்கு,
கை கட்டி உட்கார்ந்திருக்கும் உன் அப்பா