ஆபரேஷனுக்கு முன் ஐந்து விருந்து

1996 மார்ச் 17, ஞாயிறு, காலை 7.10. எடை 141 கிலோ.

அன்புள்ள ஆத்தாவுக்கு, சோமசுந்தரம் வணக்கத்துடன் எழுதுவது. அப்பச்சிக்கு முழங்கால் வலி தேவலையா? நான் நலம். கோபத்தைத் தவிர வேறொன்றுமில்லை.

இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷனுக்கு முன்பு ஆறு கிலோ குறைக்கச் சொன்னார் டாக்டர். அதை உங்களுக்கு எழுதினேன். நீங்களோ அதை விட்டுவிட்டு, பிள்ளை இனி வயிறாரச் சாப்பிட முடியாது என்று மட்டும் இங்கே பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் நம் ஊர் அழகம்மை ஆச்சிக்கு எழுதிவிட்டீர்கள். ஆச்சி கிள்ளானில் இருக்கும் நம்மவர்கள் வரை சொல்லிவிட்டார். இரண்டு வாரத்தில் ஐந்து வீட்டில் விருந்து!

"இன்னும் ரெண்டு பணியாரம் போட்டுக்க லா, அப்புறம் ஏங்கிப் போயிருவே" என்கிறார் ஆச்சி. மறுத்தால் கண் கலங்குகிறார். பழி முழுக்க அவருடையதும் இல்லை. கத்தியை நினைத்தாலே என் கை தானாகத் தட்டுக்குப் போகிறது.

இரண்டு கிலோ கூடிவிட்டது. "ஏப்ரல் பத்துக்குள்ள இறங்கலைன்னா உங்க தேதிய வேற ஆளுக்குக் கொடுத்துருவேன்" என்று நேற்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பலகாரப் பார்சல் வேண்டவே வேண்டாம். நான் சிறுவயதில் சாப்பிட்ட எவர்சில்வர் கிண்ணத்தை அனுப்புங்கள். இனி அந்த அளவுதான். ஆஸ்பத்திரிப் படிவத்தில் உடனிருப்பவர் என்ற இடத்தில் ஆச்சி பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். இங்கே எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

பஸ்ஸுக்கு நேரமாயிற்று. இனிச் செய்யப்போவது:

1. இன்றே ஆச்சியிடம் டாக்டர் சொன்னதை முழுதாகச் சொல்வேன்.
2. அடுத்து யாராவது ஆறாவது விருந்துக்குக் கூப்பிட்டால் மோர் மட்டும் குடிப்பேன்.
3. ஆபரேஷனன்று காலை போன் செய்வேன். அழுதாலும் பரவாயில்லை, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்காதீர்கள்.