கை காட்டினால் நிற்கும்

ஜூன் 3

அன்பு மகளுக்கு,

கடவுள் அருளால் நலம். போனில் பேசினால் நமக்குள் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

உன் பல்கலைக்கழக வாசலில் இனி ரயில் நிற்கும் என்று பேப்பரில் போட்டிருந்தது. உங்கள் போக்குவரத்து அலுவலகம் அலைந்து வாங்கிய நிறுத்தமாமே! அந்தத் துண்டைக் கத்தரித்துச் சாமிக்கு முன்னால் வைத்தேன். நீ கோபித்துக்கொண்டு போனதிலிருந்து வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. உனக்கு வர நேரமில்லை என்றால் போகட்டும், நான் வருகிறேன். வீட்டுக் கணக்கில் டிக்கெட்டுக்கென்று ஒரு வரி சேர்த்தாகிவிட்டது.

அம்மா

ஜூன் 8

அம்மாவுக்கு,

அவசரப்படாதே. சனிக்கிழமை மட்டும் ஓடும் வண்டி அது. காலையில் வந்து மாலையில் திரும்பும். இப்போதைக்கு மூன்று மாதச் சோதனை. பிளாட்பாரத்தில் யாராவது நின்று கை காட்டினால்தான் ஓட்டுநர் நிறுத்துவார். உள்ளே இறங்க ஆள் இருந்தாலும் கை காட்ட ஆள் வேண்டும். ரயில்வேயோடு எங்கள் ஒப்பந்தம் அப்படி. என்றைக்கோ மூடிப்போட்ட பழைய நிறுத்தத்தைத்தான் பெயின்ட் அடித்துத் திறந்திருக்கிறோம். அங்கிருந்து வகுப்புகள் வரைக்கும் பஸ்ஸும் உண்டு. ஆனால் இங்கே எல்லோரிடமும் கார். ஈ காக்காய் எட்டிப் பார்ப்பதில்லை.

சனிக்கிழமை எனக்குக் கூட்டம். கை காட்ட நான் இல்லாவிட்டால் வண்டி உன்னை அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விடும். நான் சொல்லும்போது வா.

மகள்

ஜூன் 14

என் தங்கத்துக்கு,

வராதே என்று எழுதிவிட்டு நீயே வந்து நின்றாயே, அதுதான் என் பிள்ளை. மனசு கேட்காமல் வண்டி ஏறிவிட்டேன். ஜன்னலில் பார்த்தால் வெறிச்சோடிய பிளாட்பாரத்தில் நீ ஒருத்தி மட்டும், கையைத் தூக்கிக்கொண்டு. அரிக்கும் என்று நீ ஒதுக்கிப்போட்ட, நான் பின்னிய நீல ஸ்வெட்டர் உன் மேலே! வண்டி நின்ற பிறகும் கையை இறக்கவில்லை. கார்டு சிரித்துவிட்டார். “உங்க பொண்ணாம்மா? வண்டிதான் நின்னுடுச்சே, கையைக் கீழ போடச் சொல்லுங்க!”

நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நீ பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மடியில் தலை வைத்துப் படுத்தாய். உன் கை ஏன் அப்படிச் சில்லிட்டுக் கிடக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

அம்மா

ஜூன் 19

அம்மா,

இது விளையாட்டு என்றால் எனக்குப் பிடிக்கவில்லை. சனிக்கிழமை முழுக்க நான் கூட்டத்தில் இருந்தேன். வண்டி நின்றதென்று கார்டு எழுதியிருக்கிறார். ஒரு பயணியாவது கிடைத்தாரே என்று எங்கள் இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் டிரைவரைக் கேட்டேன். “என்ன மேடம், உங்களைத்தானே பாத்தேன்? அம்மா மடியில படுத்திருந்தீங்க. கூப்பிட்டேன், திரும்பவே இல்ல” என்கிறார்.

அந்த ஸ்வெட்டரை நான் ஒருநாளும் போட்டதில்லை, மன்னித்துக்கொள். அலமாரியைத் திறந்து பார்த்தேன். நீ மடித்துக் கொடுத்த மடிப்பு கலையவில்லை. ஆனால் உள்ளே ஈரம்.

நான் சொல்லும்வரை வராதே.

மகள்

ஜூலை 6

அன்பு மகளுக்கு,

கோபம் இருந்தால் திட்டு. வந்தது நானில்லை என்று மட்டும் சொல்லாதே, பெற்ற வயிறு தாங்காது. வாராவாரம் வருகிறேன், வாராவாரம் நிற்கிறாய். இப்போது பேசவும் செய்கிறாய். முட்டி வலி எப்படி இருக்கிறது என்று நீ கேட்டு எத்தனை காலம்!

நேற்று முன்தினம் ஒன்று கேட்டாய். “சின்னப் புள்ளையில என்னை எப்படிம்மா கூப்பிடுவீங்க?” வாங்க போங்க என்று என்ன புது மரியாதை? “அது கூட மறந்துபோச்சாடி? குருவின்னுதான்” என்றேன். குருவி, குருவி என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாய்.

இந்தச் சனிக்கிழமை உன்னை வீட்டுக்கே கூட்டிவரப் போகிறேன். உன் அறையைக் கழுவித் துடைத்துவிட்டேன்.

அம்மா

ஜூலை 12

அம்மா, அம்மா,

நேற்றுக் கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தேன். மாலை வண்டி அப்போதுதான் நகர்ந்தது. ஜன்னலோரம் நீ. பக்கத்தில் நீல ஸ்வெட்டர். நீ எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாய். இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். கார்டு என்னைத் தாண்டிப் பார்த்தார், காலி பிளாட்பாரத்தைப் பார்ப்பதுபோல. அது மட்டும் திரும்பி என்னைப் பார்த்தது.

ராத்திரி போன் செய்தேன். “அம்மா தூங்குறாங்க” என்றது என் குரல்.

இன்று காலையிலிருந்து பஸ் டிரைவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. அம்மா, வரவில்லையே என்று நீ காத்துக்கிடந்த நாளுக்கெல்லாம் சேர்த்து இப்போது வருகிறேன். எப்படியாவது வருகிறேன். மணி அடித்தால் நீயே வந்து கதவைத் திற. அதைத் திறக்க விடாதே.

உன் குருவி

ஆகஸ்ட் 30

முகம் தெரியாத பிள்ளைக்கு,

ஆண்டவன் உனக்கு நல்ல வழி காட்டட்டும். உன் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. என் மகளின் கையெழுத்து அச்சு அசலாக உனக்கு வருகிறது. வீட்டில் கூப்பிடும் பெயர் எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கப்போவதில்லை.

என் மகள் என்னோடு இருக்கிறாள். காய் நறுக்கித் தருகிறாள், மாதக் கணக்கைக் கூட்டித் தருகிறாள், பக்கத்தில் உட்கார்ந்து சாமி கும்பிடுகிறாள். அடிக்கடி வாசல் மணி அடிக்கிறது. போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. “காத்தும்மா” என்கிறாள். உன் கடிதத்தைப் படித்துக் கண் கலங்கியவளும் அவள்தான். “பாவம்மா, யாரோ அம்மாவைத் தேடுறா. நாலு வரி எழுதிப் போடுங்க” என்றாள்.

கை காட்ட ஆளே இல்லையென்று பல்கலைக்கழக நிறுத்தத்தை மூடிவிட்டார்களாம், பேப்பரில் பார்த்தேன். சனிக்கிழமை வண்டி இனி அங்கே நிற்காது. நீ யார் பெற்ற பிள்ளையோ, மழையில் நின்றுகொண்டிருக்காதே. தோள் வலிக்கும். கையைக் கீழே போடு, கண்ணு.

ஒரு தாய்