இரண்டு இலை என்று சொன்னேன்

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். உன்னிடம் ஒருமுறை பொய் சொல்லியிருக்கிறேன். இன்னொரு முறை சொல்ல மனமில்லை.

பள்ளி நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பென்சில் பெட்டியைத் திறந்ததும் லிமாவ் வாசம் மேசையெங்கும் பரவிவிட்டது. உள்ளே இருப்பது நம் லிமாவ் எலுமிச்சை மரத்தின் முதல் காய். கோலிக்குண்டு அளவுதான்.

சீனப் புத்தாண்டு முடிந்து, பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரர்கள் வாசலில் வைத்திருந்த லிமாவ் தொட்டிகளைக் குப்பையோரம் தள்ளியிருந்தார்கள். பழமெல்லாம் உதிர்ந்து, சிவப்புக் காகித உறை ஒன்று மட்டும் தொங்கிக்கொண்டிருந்த மரத்தை நீதான் பார்த்தாய். "அங்கிள், எடுத்துக்கலாமா?" என்றாய். "அம்பில், அம்பில்," என்று எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கையை வீசினார் கடைக்காரர். பீங்கான் தொட்டியோடு அதைத் தூக்கிக்கொண்டு நம் ஃபிளாட்டில் மூன்று மாடி ஏறி, எதிரெதிரே இருக்கும் நம் இரண்டு வீடுகளுக்கும் நடுவே வைத்தோம். முதல் மாடியிலேயே உனக்கு மூச்சு வாங்கியது. சோம்பேறி என்று கேலி செய்தேன். உன் கால் வீங்கியிருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

அடுத்த மாதம் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீரகம் வேலை செய்யவில்லையாம். நீ குணமாகும்வரை காலையும் மாலையும் மரத்துக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவதாக சாமியிடம் வேண்டிக்கொண்டேன். ஒரு வேளையும் தவறவில்லை. இலைகள் மஞ்சளாகிக் கொட்டின. வேண்டுதல் போதவில்லை என்று நினைத்து இரண்டு சொம்பாக்கினேன்.

ஒரு வாரம் உன்னை வீட்டுக்கு விட்டார்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை டம்ளர் தண்ணீர்தான் டாக்டர் உனக்கு அனுமதித்தது, உதடெல்லாம் வெடித்திருந்தது. தொட்டியை முகர்ந்து முகம் சுளித்தாய்.

"என்ன லா இது, சாக்கடை நாத்தம்?"

"தினமும் ஊத்துறேன்டி. உனக்காக வேண்டிக்கிட்டு."

"அறிவுக்கொழுந்தே! அடியில ஓட்டையே இல்ல. ஊத்துற தண்ணி எங்க போகும்? என் கேஸ்தான் இதுக்கும்."

நான் அழுதுவிட்டேன்.

"அழுறதுன்னா டம்ளர்ல அழு. நான் குடிச்சுக்கிறேன்," என்றாய்.

பிஸ்கட் டின் ஒன்றின் அடியில் ஆணியால் ஓட்டைகள் போட்டேன். அழுகிய வேர்களை நீ கத்தரித்தாய். மிஞ்சியது ஒரு குச்சிதான், அதை டின்னில் நட்டோம். "விரலை மண்ணுல விட்டுப் பாரு. காஞ்சிருந்தா மட்டும் ஊத்து," என்றாய்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தபோது, "துளிர் வந்துச்சா?" என்றுதான் முதலில் கேட்டாய்.

"வந்துச்சு."

"எத்தன?"

"ரெண்டு இலை."

பொய் சொன்னால் என் மூக்கு வேர்க்கும் என்று எப்போதும் சிரிப்பாய். அன்று என் முகத்தையே பார்த்துவிட்டு, "சரி, பாத்துக்க," என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய். நீ நம்பினாயா, எனக்காக நம்பியதுபோல் இருந்தாயா என்று இன்னும் தெரியவில்லை.

உன் பதினாறாம் நாள் காரியத்தன்றும் குச்சி குச்சியாகவே நின்றது. அதற்கப்புறம்தான் ஓர் இலை வந்தது. இரண்டாவது வர இன்னும் ஒரு வாரமாயிற்று. நான் உன்னிடம் சொன்னது அன்றைக்குத்தான் உண்மையானது.

இன்றும் விரலை மண்ணில் விட்டுப் பார்த்துத்தான் ஊற்றுகிறேன். நகத்து அழுக்குக்காக டீச்சரிடம் திட்டு வாங்குகிறேன். குழாயடியில் தண்ணீர் குடிக்கும்போது இரண்டாவது டம்ளரை என்னால் நிரப்ப முடிவதில்லை.

காலையில் காயைப் பறித்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு, உன் அம்மாவிடம் கொடுக்கப் போனேன். கதவுவரை போய்த் திரும்பிவிட்டேன். இதைக் கொடுத்தால் அந்த இரண்டு இலையைப் பற்றியும் சொல்லவேண்டும். இப்போது எழுதிவிட்டேன், வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடுவேன்.

"போதும் லா, மூடணும்," என்கிறார் நூலக அக்கா. விளக்குகளை அணைத்துவிட்டார்.